மணற்காட்டுப் பக்கம் டேர்ட் பைக் ஓடேக்கை சில்லு காத்துப் போனால் கையிலை என்ன சாமான் இருக்கவேணும்?

"ஒட்டும் சொலுசனும் கொண்டு போனால் காணுமோ?" எண்டு கேட்டிருக்கிறீங்கள். காணாது. சில்லைக் கழட்டி, ரயரைக் கிளப்பி, திருப்பி ஏத்திறதுதான் பெரிய வேலை. உங்கடை பைக் முன்னுக்கு 21, பின்னுக்கு 18 அங்குலக் கம்பிச் சில்லு எண்டு வைச்சுச் சொல்லுறன். "ரியூப்லெஸ் போடுங்கோவன்" எண்டு கீழை எழுத வாறவைக்கும் ஒண்டு: சாதாரண கம்பிச் சில்லிலை ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் துளைச்சுத்தான் நிக்குது, காத்துப் பிடிக்காது.

முதல்லை அச்சு நட்டுக்குப் பொருந்துற சாவி. முன்னும் பின்னும் ஒரே அளவாய் இருக்குமெண்டு நம்பாமல் வீட்டிலையே போட்டுப் பாருங்கோ. ரிம் லொக் (ரயர் ரிம்மிலை வழுக்காமல் உள்ளுக்கை அமத்திப் பிடிக்கிற பூட்டு) நட்டுக்கு 12 அல்லது 13 மி.மீ. சாவி. ரயர் லீவர் மூண்டு, ஒரு சாண் நீளத்துக்குக் குறையாமல். ஸ்குரூ டிரைவராலை நெம்பினால் நல்ல ரியூபும் கிழியும். வால்வு ஊசி கழட்டிற சாவி, அரத்தாள், சொலுசன், ஒட்டுகள். உடைச்ச சொலுசன் ரியூப் சில மாசத்திலை காய்ஞ்சு போகும், புதுசாய் ஒண்டு வையுங்கோ.

பம்பிலைதான் கனபேர் மாட்டுப்படுறவை. வீட்டுச் சைக்கிள் பம் சைக்கிள் வால்வுக்குச் செய்தது, பைக் வால்வைப் பிடிக்காது. கார் வால்வு பிடிக்கிற தலையோடை சின்னக் கைப்பம் வாங்குங்கோ. பம்புக்குப் பதிலாய்க் காத்தடிக்கிற சின்னக் காஸ் குப்பி ஒருக்கால் பிழைச்சால் முடிஞ்சுது.

மேலதிக ரியூப் ஒண்டு எண்டால் 21 அங்குலம். அவசரத்துக்கு அதைப் பின் சில்லுக்குள்ளை மடிச்சுப் போட்டு வீடு வந்து சேரலாம். 18ஐ முன்னுக்குப் போடேலாது. வால்வு அடியிலை கிழிஞ்சால் ஒட்டு நிக்காது, ரியூபைத்தான் மாத்தோணும்.

எங்கடை பக்கத்திலை மணலுக்கெண்டு காத்தை 10 பிஎஸ்ஐ மட்டுக்குக் குறைச்சுப்போட்டு, அப்பிடியே முருகைக்கல்லிலை ஏத்திறவை. ரியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையிலை நசிஞ்சு, பக்கம் பக்கமாய் ரெண்டு வெட்டு விழும். ஒண்டை ஒட்டிப்போட்டு மற்றதைப் பாராமல் பூட்டினால் திரும்பக் கழட்டவேண்டியதுதான். ஒரு ஓட்டைதான் எண்டால் உடைமுள். முள்ளின்ரை நுனி முறிஞ்சு ரயருக்குள்ளையே நிக்கும். வெறுங்கையாலை தடவாமல், துணி ஒண்டாலை உள்பக்கம் முழுக்கத் துடையுங்கோ, சிக்கிற இடத்திலை அது இருக்கும்.

கழட்டேக்கை பெற்றோலைப் பூட்டிப்போட்டு, எஞ்சினுக்குக் கீழை கல்லோ கட்டையோ முண்டு குடுங்கோ. டிஸ்க் மேல்பக்கம் இருக்கச் சில்லைக் கிடத்துங்கோ. ரிம் லொக் நட்டை நுனி வரைக்கும் தளர்த்தி உள்ளை தள்ளுங்கோ, முழுக்கக் கழட்டவேண்டாம். குதிக்காலாலை ரயர் விளிம்பை மிதிச்சு, லீவருக்கு எதிர்ப்பக்கத்தை ரிம்மின்ரை நடுப்பள்ளத்துக்குள்ளை விழுத்துங்கோ. இதைச் செய்யாமல் பலத்தைப் போட்டால் லீவர்தான் வளையும். ஒட்டேக்கை சொலுசனை மெல்லிசாய்ப் பூசி, பளபளப்புப் போய் மங்கின பிறகு ஒட்டை அமத்துங்கோ. ஈரமாய் ஒட்டினால் கழண்டு வரும்.

பூட்டேக்கை ரியூபுக்குக் கொஞ்சம் காத்து விட்டு உருண்டையாக்குங்கோ. ரிம் லொக்கிலை தொடங்கி, ஒரு தரத்துக்கு ரெண்டு விரலகலம் மட்டும் ஏத்துங்கோ. கடைசி இடத்திலை இறுக்கமெண்டு நெம்பிறதாலைதான் புது ரியூபிலை ஓட்டை விழுறது. அந்த நேரம் எதிர்ப்பக்கம் பள்ளத்திலை நிக்குதோ எண்டு திரும்பப் பாருங்கோ.

கேள்விக்கு வெளியிலை ஒண்டு. மணற்காட்டிலை மணல் மூடின பழைய அந்தோனியார் கோயில் சுவரோடை சில்லைச் சுத்தாதேங்கோ, சவுக்கங் கண்டுகளுக்கு மேலாலை ஏத்தாதேங்கோ. கோயில் ஆக்கள் கும்பிட்ட இடம். பியர்ப் போத்தலை அங்கை உடைச்சு எறியிறவைக்கு என்ன சொல்லுறதெண்டே தெரியேல்லை. அந்தக் கண்ணாடித் துண்டுதான் அடுத்தவன்ரை ரயரையும் மீன்பிடிக்கப் போறவையின்ரை காலையும் வெட்டுது. முகமாலைப் பக்கம் எண்டால் காத்துப் போன இடத்திலையே பாதையிலை நிண்டு திருத்துங்கோ, மண்டையோடு கீறின சிவப்பு மிதிவெடிப் பலகைக்கு அங்காலை நிழலுக்கெண்டும் போகாதேங்கோ.

பூட்டி முடிய 30 பிஎஸ்ஐ மட்டும் அடிச்சால் விளிம்பு சரியாய் இருக்கும். ரயரிலை ரிம் ஓரமாய் ஓடுற கோடு சுத்தவர ஒரே அளவாய்த் தெரியிதோ எண்டு பார்த்திட்டு 12–15க்கு இறக்குங்கோ, பிறகு ரிம் லொக்கை இறுக்குங்கோ. வால்வு நட்டை ரிம்மோடை இறுக்காமல் மேலை மூடியோடை விடுங்கோ. ரயர் வழுக்கினால் வால்வு சரிஞ்சு காட்டும், இறுக்கி வைச்சால் அடியிலை அறுந்துதான் தெரியும். அச்சு நட்டை இறுக்கினாப் பிறகு ஓட முதல் பிரேக்கை ரெண்டு மூண்டு தரம் அமத்துங்கோ, முதல் தரம் பிடிக்காது.