தரையில் சொட்டு இல்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது

கேள்வி: ராயக்கோட்டையிலிருந்து சேலத்துக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி என்னுடையது. திரும்பும்போது ஜவ்வரிசி மூட்டைகள் இருக்கும். தொப்பூர் மேடு ஏறும்போது வெப்பம் காட்டும் முள் வழக்கத்தைவிட உயர்கிறது. வாரத்துக்கு அரை லிட்டர் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது. வண்டி நிற்கும் இடத்தில் ஈரமே இல்லை. பெல்ட் பக்கம் மட்டும் இளஞ்சிவப்பாக உப்புப் பூத்ததுபோல் தெரிகிறது. ஒரு பட்டறையில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். இன்னொருவர் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடச் சொல்கிறார். என்ன செய்யட்டும், ஐயா?
– ராயக்கோட்டை வாசகர்

பதில்: தம்பி, இன்ஜினைப் பிரிக்க இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். மஞ்சள் தூளும் வேண்டாம். அது ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் கட்டாயம் போய்ப் படியும். சுமையோடு மேடு ஏறும் வண்டிக்கு அந்தக் குழாய்கள்தான் உயிர்.

கடிதத்தில் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய அந்த உப்புப் பூத்த வரிதான் எனக்கு முக்கியம். கூலன்ட் கசிந்து, சூட்டில் நீர் ஆவியானால் நிறம் மட்டும் மிஞ்சும். இன்ஜின் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறும்போது மட்டும் கசிகிற இடம் பல வண்டிகளில் உண்டு. கசிந்தது அங்கேயே காய்ந்துவிடும், தரைக்கு வந்து சேராது. பெல்ட் பக்கம் என்றால் என் முதல் சந்தேகம் வாட்டர் பம்ப் மேல்தான். பம்பின் அடிப்பக்கம் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் கூலன்ட் அந்த வழியாக வெளியேறும். அதைக் காட்டிக்கொடுக்கவே அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள். அதை எம்-சீல் வைத்து அடைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அடைத்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போய், பம்பே நடுவழியில் இறுகிவிடும்.

ஆனாலும் உடனே பம்ப் வாங்கிவிடாதீர்கள். மேலே இருக்கும் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்து வழிந்தாலும் கறை அதே இடத்தில்தான் படியும். அழுத்தச் சோதனைக் கருவி இருக்கும் பட்டறைக்குப் போங்கள். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகு, ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் அந்தக் கருவியின் கைப்பம்பைப் பொருத்துவார்கள். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று அழுத்த அளவு பார் கணக்கில் அச்சிட்டிருக்கும். அந்த அளவுக்கு மேல் ஏற்றக்கூடாது. கால் மணி நேரம் கருவியின் முள் அசையாமல் நின்றால் கசிவு இல்லை. இறங்கினால் டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள்: ஹோஸ் முனைகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, பிறகு பம்ப். முதலில் ஈரமாகும் இடம்தான் குற்றவாளி.

மூடியையும் அதே கருவியில் சோதிக்கச் சொல்லுங்கள். 0.9 பார் அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 118 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி அந்த அழுத்தத்தைத் தாங்காது. தொப்பூர் போன்ற ஏற்றத்தில் உள்ளே கொதித்து வெளியே தள்ளிவிடும். குறைந்த செலவில் மாற்றக்கூடிய மூடிக்காக இன்ஜினைப் பிரித்த கதைகள் இந்தத் தொழிலில் நிறைய.

முள் இறங்கியும் வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால்தான் ஹெட் கேஸ்கெட் பேச்சை எடுக்க வேண்டும். அதற்கும் அடையாளங்கள் உண்டு. காலையில் கிளப்பிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகும், ரேடியேட்டரில் விடாமல் குமிழி வரும், வெள்ளைப் புகை நிற்காது, ஆயில் பால் கலந்ததுபோல் மாறும். இவற்றில் ஒன்றையும் நீங்கள் எழுதவில்லை. டீசல் வண்டிகளில் இ.ஜி.ஆர். கூலர் (இன்ஜினுக்குள் திரும்பச் செல்லும் புகையைக் கூலன்டால் ஆற்றும் பாகம்) உள்ளே விரிசல் விட்டாலும் கூலன்ட் இப்படி மாயமாகும். அதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

பம்ப்தான் என்று உறுதியானால் பம்புக்கான புது கேஸ்கெட்டோடு மாற்றுங்கள். கூலன்டில் நனைந்த பெல்ட்டையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. பழைய கூலன்டைத் தட்டில் பிடியுங்கள், தரையில் விடாதீர்கள். அது இனிக்கும், ஆடு, மாடு, நாய் நக்கினால் உயிருக்கே ஆபத்து. புதிதாக ஊற்றிய பின் ஹீட்டரைத் திறந்துவைத்து இன்ஜினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று அடைத்துக்கொண்டால் புது பம்ப் போட்டும் முள் ஏறும். மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் அளவைப் பாருங்கள்.

அதுவரை தொப்பூரில் முள் ஏறினால் ஓரமாக, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது. முகம் வெந்துபோன ஓட்டுநர்களை நான் பார்த்திருக்கிறேன். கொதிக்கும் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரும் ஊற்றாதீர்கள், ஹெட் விரிசல் விடும்.

கேள்வி: எங்கள் பகுதி போர் தண்ணீர் உப்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரை ரேடியேட்டரில் ஊற்றலாமா?
– பென்னாகரம் வாசகி

பதில்: வேண்டாம், அம்மா. நாம் குடிக்க அது நல்ல தண்ணீர்தான். ஆனால் அதிலும் கரைந்த தாதுக்கள் உண்டு, அவை சூட்டில் பாறையாகப் படியும். போர் தண்ணீர் இன்னும் மோசம். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரை வாங்கி, கூலன்டோடு சரிபாதி கலந்து ஊற்றுங்கள். கலந்தே விற்கும் கூலன்ட் என்றால் தண்ணீரே சேர்க்க வேண்டாம்.

கேள்வி: பச்சை கூலன்ட் இருக்கும் வண்டியில் சிவப்பை ஊற்றலாமா?
– ஓசூர் வாசகர்

பதில்: நிறத்தை நம்பாதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியோடு தந்த கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும். அதே வகையை வாங்குங்கள். உள்ளே இருப்பது எது என்று தெரியாவிட்டால் முழுவதும் வடித்து, கழுவி, புதிதாக நிரப்புங்கள்.