ரெசின் வார்ப்பு: தொடங்குபவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சார், 1/35 அளவு மாடல் டாங்கிக்கு ஒரே மாதிரிச் சக்கரம் 12 வேண்டும். ஒன்றை பிளாஸ்டிக் ஷீட்டில் செய்து முடித்துவிட்டேன். மீதியை ரெசினில் வார்க்க என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: சக்கரத்தில் தொடங்குவது நல்லது. பின்பக்கம் தட்டை என்பதால் ஒற்றை அச்சே போதும். அச்சுக்கு ஆர்.டி.வி. சிலிக்கான் (அறை வெப்பத்திலேயே ரப்பராக இறுகுவது), வார்க்க பாலியூரித்தேன் ரெசின் (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகுவது), 0.1 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு, பிளாஸ்டிக் கப்புகள், தட்டையான பிளாஸ்டிக் குச்சி, நைட்ரைல் கையுறை. அச்சுப் பெட்டிக்கு லெகோ கட்டைகளே போதும். காகிதக் கப்பும் மரக்குச்சியும் வேண்டாம். அவற்றில் ஈரம் ஊறியிருக்கும், பாலியூரித்தேனுக்கு ஈரம் ஆகவே ஆகாது. கலந்தபின் 5 முதல் 7 நிமிடம் வேலை நேரம் தரும் ரெசினாகப் பாருங்கள். 2 நிமிடத்தில் இறுகுவது புதியவர் கையில் கப்பிலேயே கட்டியாகிவிடும். வேக்யூம் பம்பு இப்போதைக்குத் தேவையில்லை.

கேள்வி: சிலிக்கானில் டின், பிளாட்டினம் என்று இரண்டு வகை சொல்கிறார்களே, எது?

பதில்: முதல் அச்சுக்கு டின் வகை. அது எதன்மேல் ஊற்றினாலும் பெரும்பாலும் முரண்டு பிடிக்காது. நாளாக ஆகக் கொஞ்சம் சுருங்கும், சில ஆண்டுகளில் கிழியத் தொடங்கும், அவ்வளவுதான். பிளாட்டினம் வகை ஏறக்குறைய சுருங்காது, நீண்ட நாள் தாங்கும். ஆனால் கந்தகம் கலந்த களிமண், லேட்டக்ஸ் கையுறை, டின் சிலிக்கான் கலக்கிய பழைய கப் என எது பட்டாலும் பட்ட இடம் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். எந்த வகையானாலும் ஷோர் ஏ அளவில் 20 முதல் 30 வரை கடினம் உள்ளதை எடுங்கள். அதைவிடக் கடினமானால் சக்கரத்தின் போல்ட் தலைகள் வெளியே வரும்போதே உடையும்.

கேள்வி: எவ்வளவு சிலிக்கான் கலப்பது என்று எப்படிக் கணக்கிடுவது? ஊற்றும் முறையையும் சொல்லுங்கள் அண்ணா.

பதில்: சக்கரம் 20 மி.மீ. விட்டம், 8 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் 10 மி.மீ. இடம் விட்டால் பெட்டி உள்ளளவு 4 × 4 செ.மீ. உயரம் 2 செ.மீ. ஆக 32 கன செ.மீ. சிலிக்கானின் அடர்த்தி சுமார் 1.15, அதனால் 37 கிராம். கப்பில் ஒட்டிப் போவதையும் சேர்த்து 40 கிராம் எடுங்கள். 10:1 வகையானால் கேட்டலிஸ்ட், அதாவது சிலிக்கானை இறுகவைக்கும் திரவம், 4 கிராம். 3 சதவீதம், 5 சதவீதம் கேட்கும் வகைகளும் உண்டு என்பதால் டப்பாவில் போட்டிருப்பதுதான் கணக்கு. எப்போதும் எடை போட்டே கலக்க வேண்டும், கண் மதிப்பு வேண்டாம்.

சக்கரத்தின் தட்டைப் பக்கத்தை இரட்டைப் பக்க டேப்பால் தளத்தில் இடைவெளியின்றி ஒட்டுங்கள், இல்லையென்றால் சிலிக்கான் அடியில் புகுந்துவிடும். முதலில் பிரஷ்ஷால் மெல்லிய பூச்சு ஒன்று போட்டு, போல்ட் தலைகளின் இடுக்குகளில் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு சக்கரத்தின்மேல் நேராக ஊற்றாமல் பெட்டியின் ஒரு மூலையில், ஓரடி உயரத்திலிருந்து நூல் போல ஒழுகவிடுங்கள். அந்த மெல்லிய ஒழுக்கிலேயே பெரிய குமிழிகள் உடைந்துவிடும்.

24 மணி நேரத்தில் இறுகும். ஆனாலும் டின் அச்சை உடனே பயன்படுத்தாமல் இன்னும் ஒரு நாள் திறந்து வையுங்கள். இறுகும்போது அது ஆல்கஹால் வெளியிடும். அது முழுவதும் போகாத அச்சில் ரெசினை ஊற்றினால் மேற்பரப்பு நுரைத்துப் பிசுபிசுக்கும். முதல் வார்ப்பு கெட்டுப்போகப் பெரும்பாலும் இந்த அவசரம்தான் காரணம்.

கேள்வி: என் வார்ப்புகள் முழுக்கக் குமிழி. பிரஷர் டேங்க் வாங்கினால் சரியாகுமா?

பதில்: முதலில் எந்தக் குமிழி என்று பாருங்கள். மூன்று விதம் உண்டு.

ஓரங்களிலும் போல்ட் தலைகளிலும் மட்டும் குழி விழுந்தால், ஊற்றும்போது காற்று சிக்கியிருக்கிறது. அச்சின் உள்ளே டால்கம் பவுடரைத் தூவி, தட்டி உதறிவிடுங்கள். அந்த மெல்லிய பொடிப் படலம் ரெசினை இடுக்குக்குள் இழுத்துச் செல்லும். பாதி ஊற்றியதும் அச்சைச் சாய்த்து, குண்டூசியால் மூலைகளைக் கிளறிவிட்டு மீதியை நிரப்புங்கள்.

வார்ப்பு முழுதும் நுரைத்து, ஊற்றிய மட்டத்துக்கு மேலே பொங்கி நின்றால் அது ஈரம். ரெசினின் ஒரு பாகத்தில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் தண்ணீரோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடை உண்டாக்குகிறது. கப், குச்சி, அச்சு, ரெசின் பாட்டில் என ஒவ்வொன்றையும் சந்தேகப்படுங்கள். மழை நாளில் மூடி திறந்தே கிடந்த பாட்டிலை எந்த டேங்கும் காப்பாற்றாது.

குழிக்குப் பதிலாகச் சின்னச் சின்ன உருண்டைகள் புடைத்து நின்றால், குறை அச்சில். சிலிக்கானில் இருந்த குமிழிகளுக்குள் ரெசின் நிரம்பியிருக்கிறது.

டேங்க் உதவுவது முதல் வகைக்கு மட்டும். 40 முதல் 60 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் குமிழி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கும். ஆனால் அச்சையும் அதே அழுத்தத்தில் இறுகவைத்திருக்க வேண்டும். சாதாரணமாக எடுத்த அச்சை டேங்கில் வைத்தால் சிலிக்கானுக்குள் மறைந்திருந்த வெற்றிடங்கள் அமுங்கி, வார்ப்பின் மேல் பருக்கள் கிளம்பும். அந்த அழுத்தத்துக்கென்றே தயாரித்த டேங்கைத் தவிர வேறு பாத்திரத்தை மாற்றியமைத்துப் பயன்படுத்தாதீர்கள். வெடித்தால் கை போய்விடும்.

கேள்வி: இறுகிய பிறகும் அங்கங்கே மெத்தென்று இருக்கிறது. ஏன்?

பதில்: கலவை போதவில்லை. கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள், பிறகு இன்னொரு கப்புக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். சில ரெசின்கள் கன அளவில் 1:1 என்றாலும் எடையில் 100:90 வரும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

கேள்வி: மாஸ்டரை, அதாவது அச்சு எடுப்பதற்கான மூல உருவத்தை, ரெசின் 3டி பிரிண்டரில் எடுத்திருக்கிறேன். அப்படியே அச்சு எடுக்கலாமா?

பதில்: டின் வகையில் பெரும்பாலும் தொல்லை இல்லை. பிளாட்டினம் வகை அதன்மேல் இறுக மறுக்கும். நன்றாகக் கழுவி, யு.வி. ஒளியில் முழுமையாக இறுக்கி, அக்ரிலிக் வார்னிஷ் பூசி, முக்கியமில்லாத ஒரு மூலையில் துளி சிலிக்கான் வைத்துச் சோதித்த பிறகே ஊற்றுங்கள். அடுக்குக் கோடுகளை இப்போதே தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் 12 சக்கரத்திலும் தேய்க்க வேண்டிவரும்.

கேள்வி: இரண்டு பக்க அச்சில் முதல் பாதியும் இரண்டாவது பாதியும் ஒட்டிக்கொண்டன.

பதில்: சிலிக்கான் சிலிக்கானோடு ஒட்டும். இரண்டாவது பாதியை ஊற்றுமுன் முதல் பாதியின் மேல் வாஸ்லைனை மிக மெல்லியதாகப் பூசியிருக்க வேண்டும். இப்போது கூர்மையான கத்தியால் கோடு பிடித்து வெட்டிப் பாருங்கள், சில நேரம் தப்பிக்கும்.

கேள்வி: முகமூடி அவசியமா ஐயா? வாசனையே இல்லையே.

பதில்: அவசியம். வாசனை இல்லை என்பதால் ஐசோசயனேட் இல்லை என்று ஆகாது. ஒருமுறை உடலுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகக் குறைந்த அளவே மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். காற்றோட்டம், கையுறை, கரிம ஆவி வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் முகமூடி மூன்றும் வேண்டும். துணி முகமூடி இதற்கு உதவாது. தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது.

கேள்வி: பெயின்ட் உரிந்து வருகிறது, பிளாஸ்டிக் சிமென்டும் ஒட்டவில்லை.

பதில்: வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவிட்டுப் பிரைமர் அடியுங்கள். பிளாஸ்டிக் சிமென்ட் பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒட்டுவது, ரெசினை அது கரைக்காது. சூப்பர் க்ளூ அல்லது எபாக்சி பயன்படுத்துங்கள். வளைந்துபோன மெல்லிய பாகத்தைச் சூடான நீரில் சில நொடி முக்கி, தட்டையான தளத்தில் நேராக்கிக் குளிர்ந்த நீரில் போட்டால் அப்படியே நிற்கும்.