பட்டர் ஃப்ரூட்டில் ஆண் மரம் கிடையாது

கேள்வி: கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டு ஊரில் எங்கள் காப்பித் தோட்டத்தில் எட்டு வயது பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) மரம் நிற்கிறது. மரம் கொள்ளாமல் பூக்கிறது, காய் நிற்பதில்லை. "இது ஆண் மரம், வெட்டிவிட்டு என் ஒட்டுக்கன்றை வையுங்கள்" என்கிறார் கன்று வியாபாரி. வெட்டலாமா?

பதில்: வெட்டாதீர்கள். ஆண் மரம், பெண் மரம் ஜாதிக்காயில் உண்டு, பப்பாளியில் உண்டு. பட்டர் ஃப்ரூட்டில் கிடையாது.

ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். மஞ்சள் கலந்த பச்சையில் ஆறு இதழ், ஒன்பது மகரந்தத் தாள் (ஆண் உறுப்பு), நடுவில் ஒரே சூல்தண்டு (பெண் உறுப்பு). ஆணும் பெண்ணும் ஒரே பூவில்தான்; ஆனால் வேலை செய்யும் நேரம் வேறு. முதல்முறை திறக்கும்போது தாள்கள் இதழோடு சாய்ந்து கிடக்கும், சூல்தண்டு வெள்ளை நுனியோடு நிமிர்ந்து நிற்கும். அப்போது அது பெண். பிறகு மூடிக்கொண்டு மறுநாள் திறக்கும். தாள்கள் எழுந்து மகரந்தம் விடும், சூல்நுனி பெரும்பாலும் காய்ந்திருக்கும். அப்போது ஆண். பூ திறக்கும் நேரப்படி ரகங்கள் இரு வகை. ஹாஸ் போன்ற 'ஏ' வகை காலையில் பெண், மறுநாள் பிற்பகலில் ஆண். ஃபுயர்ட்டே போன்ற 'பி' வகை பிற்பகலில் பெண், மறுநாள் காலையில் ஆண். இரண்டும் அருகருகே இருந்தால் மகரந்தம் நன்றாகக் கைமாறும்.

"பக்கத்துத் தோட்டத்தில் ஒற்றை மரம் காய்க்கிறதே?" என்பீர்கள். காய்க்கும். குளிரில் பூ திறக்கும் நேரம் தள்ளிப்போய், ஒரே மரத்தில் இரு நிலைப் பூவும் சேர்ந்து விரிவதுண்டு. அதே குளிர் மிஞ்சினால், குறிப்பாக 'பி' வகையில், பெண் நிலை இரவுக்குப் போய்விடும், தேனீ வராது. ஆகவே பனிமூட்டத்தில் பார்த்து வகையை முடிவுகட்டாதீர்கள். நல்ல வெயிலடிக்கும் இரண்டு மூன்று நாள், காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் ஒரே கிளையைப் பாருங்கள்.

அந்த வியாபாரியிடம் ஒன்று கேளுங்கள்: கன்று 'ஏ' வகையா, 'பி' வகையா? பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். விதைக்கன்றையே ஹாஸ் ஒட்டு என்று தலையில் கட்டுபவர்கள் நிறைய. அடித்தண்டில் ஒட்டுக்கட்டிய தழும்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ரகமும் பூ வகையும் பையிலோ பில்லிலோ எழுத என்ன செலவு? எழுதாவிட்டால் நஷ்டமெல்லாம் நடுபவருக்கு.

சரி, உங்கள் மரத்துக்கு வருவோம். வகை தெரிந்ததும் எதிர் வகைக் குச்சியை அதன் கிளையிலேயே ஒட்டுக் கட்டுங்கள். பூக்கும் காலத்தில் பக்கத்துக் காப்பிக்குக்கூடப் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம். நல்ல மரத்திலும் ஆயிரம் பூவுக்கு ஒன்றிரண்டு காய்தான் நிற்கும். பூ கொட்டுவதைப் பார்த்துப் பதற வேண்டாம்.