முடிச்சு தளர்ந்தாலும் கேடு, இறுகினாலும் கேடு

கே: என் அண்ணனுக்கு மோட்டார் நியூரான் நோய், அதாவது தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் சாகும் நோய். நரம்பு செல்லுக்குள் கால்சியம் ஏறித்தான் செல் சாகிறது என்று படித்தேன். அவர் சாப்பிடும் கால்சியம் மாத்திரையையும் பாலையும் நிறுத்திவிடலாமா?

ப: நிறுத்த வேண்டாம். ரத்தத்தில் கால்சியத்தை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராமுக்குள் பாராதைராய்டு சுரப்பிகள் பிடித்து வைக்கின்றன. வாயால் போவது குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். நடமாட்டம் குறைந்தவருக்கு எலும்பு ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருக்கும்.

நீங்கள் படித்தது செல்லுக்குள் நடக்கும் பட்டுவாடாவைப் பற்றியது. அங்கே கால்சியத்தின் கிடங்கு, செல்லுக்குள் படர்ந்திருக்கும் சவ்வு வலையான எண்டோபிளாச வலை. அதை வாங்கிக்கொள்வது செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா. இரண்டும் சில இடங்களில் 10 முதல் 30 நானோமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. வலையின் பக்கம் விஏபிபி, மைட்டோகாண்ட்ரியாவின் பக்கம் பிடிபிஐபி51 என்று இரு புரதங்கள் கைகோத்து அந்த இடைவெளியைக் காக்கின்றன. இவ்வளவு நெருக்கம் எதற்கு? மைட்டோகாண்ட்ரியாவின் கால்சியம் வாசல் லேசில் திறக்காது. செல் திரவத்தில் சாதாரணமாக இருக்கும் 100 நானோமோலார் என்ற மிகக் குறைந்த செறிவு அதற்குப் போதாது. வாசலுக்கு வாசல் ஊற்றினால்தான் உள்ளே போகும். போனால்தான் செல்லின் எரிபொருளான ஏடிபியின் உற்பத்தி வேகம் பிடிக்கும்.

இந்தக் கைகோப்பு, அதாவது இந்த முடிச்சு, கெட்டால் மோட்டார் நியூரான் நோய் வரும் என்பதற்குச் சான்று பிரேசில் குடும்பங்களில் 2004இல் கிடைத்தது. விஏபிபியின் 56ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் செரின், அவ்வளவுதான் பிழை. இது மிக அரிய வகை. ஆனால் பெரும்பாலான நோயாளிகளின் நியூரான்களில் திரளும் டிடிபி-43 புரதமும், அளவு மீறினால் இதே முடிச்சைத் தளர்த்துவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

கே: அப்படியானால் முடிச்சை இறுக்க மருந்து உண்டா?

ப: சிகிச்சைக்கு வந்த மருந்து எதுவும் இல்லை. இறுக்குவது நல்லதா என்பதே கேள்வி. அல்சைமர் செல்களில் பல ஆய்வுகள் கண்டது நேர்மாறு: இணைப்புகள் கூடியிருந்தன. கால்சியம் மிதமிஞ்சிப் புகுந்தால் மைட்டோகாண்ட்ரியா வீங்கி, செல் அழிவைத் தூண்டும் சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியே கசிந்து, செல் தன்னையே அழித்துக்கொள்ளும்.

உங்கள் அண்ணனுக்கு இந்நோய்க்கான ரிலுசோல் மருந்தை எழுதியிருந்தால், அது வேலை செய்யும் இடம் வேறு. நரம்பு செல்களைத் தூண்டும் வேதிப்பொருளான குளுட்டமேட்டின் சுரப்பைக் குறைக்கும். 50 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை, சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்போ 2 மணி நேரம் கழித்தோ. கல்லீரல் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

கே: பரம்பரை நரம்பு நோயான சார்கோ-மேரி-டூத் நோய் ஏன் பாதத்தில் தொடங்குகிறது?

ப: நீளம்தான் காரணம். தண்டுவடத்திலிருந்து பாதம்வரை ஆக்ஸான், அதாவது நரம்பு செல்லின் நீண்ட இழை, ஏறத்தாழ 1 மீட்டர் ஓடுகிறது. மைட்டோகாண்ட்ரியா அவ்வளவு தூரம் பயணிக்க வேண்டும். இந்நோயின் 2ஏ வகையில் பழுதாவது மைட்டோஃபியூசின்-2 என்ற புரதம். மைட்டோகாண்ட்ரியாக்களை ஒன்றோடொன்று இணைப்பதும் அவற்றின் பயணத்துக்குத் துணைநிற்பதும் அதுவே. சரக்கு தாமதமானால் கடைசி ஊர்தான் முதலில் பட்டினி கிடக்கும். நரம்புக் கடத்தல் சோதனை அறிக்கையில் இரண்டு எண்களைப் பாருங்கள்: முன்கை மீடியன் நரம்பின் வேகம் நொடிக்கு 38 மீட்டருக்கு மேல் இருந்து, அலையின் உயரம் மட்டும் குறைந்திருந்தால் கெட்டது ஆக்ஸானைச் சுற்றியுள்ள உறையல்ல, ஆக்ஸான். அப்போது மரபணுச் சோதனையில் மைட்டோஃபியூசின்-2ஐ முதலில் பார்க்கச் சொல்லலாம்.