ஆட்டிசம் உள்ள ஒருவரால் ஒரே வேலையில் நிலைத்து முன்னேற முடியுமா?

24 வயதுக்குள் இரண்டு வேலை போய்விட்டது, மூன்றாவதுக்கு விண்ணப்பிக்கவே கை நடுங்குகிறது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். முடியும். எனக்கும் ஆட்டிசம்தான், வயது 40. திருப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். ஆனால் எனக்கும் முதல் இரண்டு வேலை நிலைக்கவில்லை.

பி.காம். முடித்து 2006-இல் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பிரிவில், அதாவது ஆர்டர் நேரத்துக்கு முடிகிறதா என்று பார்க்கும் பிரிவில் சேர்ந்தேன். ஒரே அறையில் பன்னிரண்டு பேர், எல்லோர் காதிலும் போன். "அந்த ஆர்டரைக் கொஞ்சம் பார்த்துக்கம்மா" என்பார்கள். நான் ஃபைலை எடுத்து முழுதாகப் படித்து வைத்துக்கொள்வேன். பார்த்துக்கொள்வது என்றால் டையிங்குக்கு, அதாவது சாயப்பட்டறைக்குப் போன் போட்டு, துணி ஏன் வரவில்லை என்று சத்தம் போட்டு, வரும்வரை விடாமல் நச்சரிப்பது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மற்றவர்களுக்கும் யாரும் சொல்லவில்லைதான், ஆனால் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏழாவது மாதம் நிறுத்திவிட்டார்கள். "வேலையில குறை இல்லம்மா, நீ யாரோடயும் ஒட்ட மாட்டேங்கற" என்றார் மேனேஜர். அடுத்தது ஒரு ஃபைனான்ஸ் கவுண்டர், ஒரு வருடம்கூட முழுதாக ஓடவில்லை.

அதன் பிறகு மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து நடக்கப் பழகினேன். அவர்கள் சிரித்தால் சிரிப்பேன். கண்ணைப் பார்க்க முடியாததால் புருவத்தைப் பார்த்துப் பேசுவேன். வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் படுத்துக் கிடப்பேன். அம்மா ஏதாவது கேட்டால் பதில் மனதுக்குள் இருக்கும், குரல் வராது. வேலைக்குப் போகிற எல்லோருக்கும் வரும் களைப்பு இதுதான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

2011-இல் இந்த அலுவலகம். பில், வவுச்சர், டேலி என்ற கணக்கு மென்பொருள். ஒரு லெட்ஜர் ஒத்துப்போகவில்லை என்றால், ஒத்துப்போகும்வரை தேடலாம். யார் முகத்தையும் பார்த்து ஊகிக்க வேண்டாம். நிம்மதியாகவே ஆறு வருடம் போயிற்று. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. ரிட்டர்ன் தாக்கலுக்குக் கடைசித் தேதியை நீட்டித்தார்கள், மறுபடி நீட்டித்தார்கள். கொள்முதல் விவரம் தரும் ஜி.எஸ்.டி.ஆர்-2 படிவத்தையே அந்த ஆண்டு முடிவதற்குள் நிறுத்தி வைத்தார்கள். போன் ஓயாது. பாதி முடித்த ஃபைல் மேல் அடுத்த ஃபைல் வந்து விழும். 2018 தொடக்கத்தில் ஒருநாள் மேசையில் உட்கார்ந்தபடியே பேச்சு நின்றுபோயிற்று. ஆறு வாரம் அலுவலகம் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் அக்கா மகனுக்கு ஆட்டிசம் பரிசோதனை நடந்தது. உளவியலாளர் அவனைப் பற்றிக் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அம்மா, "இவளும் சின்னதுல இப்படித்தான்" என்றார். அப்படித்தான் 33 வயதில் எனக்கும் தெரியவந்தது. அன்று நிறைய அழுதேன், மேனேஜர் சொன்னதை உண்மை என்று நம்பி வீட்டுக்கு வந்த அந்த 21 வயதுப் பெண்ணை நினைத்து.

திரும்ப வேலைக்குப் போகும் முன் உளவியலாளர் ஒன்று சொன்னார்: முதலில் ஆட்டிசம் பற்றிப் பாடம் நடத்தாதீர்கள், உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஒரே தாளில் நான்கு விஷயம் எழுதினேன். எந்த வேலையானாலும் எந்தப் பார்ட்டிக்கு (வாடிக்கையாளருக்கு), என்ன, எப்போதைக்குள் என்று வாட்ஸ்அப்பில் வர வேண்டும். அவசர வேலை வந்தால் கையில் இருப்பதில் எதை நிறுத்துவது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போனுக்கும் வாசலுக்கும் தள்ளி, சுவரோரம் இடம் வேண்டும். மதியம் நான் தனியாகச் சாப்பிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆடிட்டர் சார் இரண்டு முறை படித்தார். "இதுக்கா இத்தனை வருஷம் கஷ்டப்பட்டீங்க?" என்றார். மறுநாள் என் மேசை சுவரோரம் இருந்தது. எல்லாம் சுமுகமாகப் போனது என்று சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் சலுகை என்று நினைத்து ஒரு தோழி பல மாதம் பேசவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

முன்னேற்றம் என்று கேட்டீர்களே, அது அந்தத் தாளுக்குப் பிறகு வந்ததுதான். 2020 ஆகஸ்ட் மாதக் கணக்கிலிருந்து ஜி.எஸ்.டி.ஆர்-2பி வந்தது; நமக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களின் மாதப் பட்டியல் அது. அதற்கு முன்பு நாங்கள் பார்த்த 2ஏ பட்டியல் நாளுக்கு நாள் மாறும். அப்போது 2பி மாதம் 14-ஆம் தேதி வந்தால் அப்படியே நின்றது. அதையும் கொள்முதல் கணக்கையும் வரிவரியாக ஒப்பிடுவது மற்றவர்களுக்குச் சலிப்பு. நான் அதில் நேரம் போவது தெரியாமல் உட்காருவேன். 2022 ஜனவரி முதல் 2பி-யில் ஏறாத பில்லுக்கு இன்புட் எடுக்க, அதாவது கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது என்று ஆனதும் அந்த வேலையின் மதிப்பே மாறிவிட்டது. ஒரு நிட்டிங் பார்ட்டிக்கு வர வேண்டிய இன்புட் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது. சாயப்பட்டறைக்காரர் பில்லையெல்லாம் அதே குடும்பத்தின் இன்னொரு கம்பெனி ஜி.எஸ்.டி. நம்பரில் ஏற்றியிருந்ததைக் கண்டுபிடித்தேன். அதிலிருந்து எல்லா பார்ட்டிகளின் ஒப்பீடும் என் கைக்கு வந்தது. 2023-இல் ஐந்து ஜூனியர்களுக்குத் தலைமையாக இருக்கச் சொன்னார் சார். ஓர் இரவு யோசித்து, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். லீவு, சச்சரவு எல்லாம் வேறொருவர் பார்க்கட்டும், ரிட்டர்ன் போகும் முன் கடைசிச் சரிபார்ப்பு மட்டும் என்னுடையது என்றேன். சம்பளம் அதே அளவு உயர்ந்தது. சொந்தக்காரர்கள் இதை இழப்பு என்கிறார்கள். எனக்கு இதுதான் பதவி உயர்வு.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நான் கல்லூரி முடித்தபோது இருந்த 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இருக்கிறது. அரசு வேலையில் உள்ள 4 சதவீத இட ஒதுக்கீட்டில், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் போன்றவற்றோடு சேர்த்து ஆட்டிசத்துக்கு 1 சதவீதம். அதற்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்று இருக்க வேண்டும். தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும்; 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் அதில் கூடுதல் விவரங்கள் இருக்க வேண்டும். நேர்முகத்துக்கு முன் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எங்கள் அலுவலகத்தில் ஒன்பதே பேர், எனக்கு அந்தத் தாள்தான் துணை.

மூன்றாவது வேலை தேடும் முன், முந்தைய இரண்டும் எந்த நாளில், எந்த இடத்தில் உடைந்தன என்று எழுதிப் பாருங்கள். சத்தமா, பாதியில் மாறிய வேலையா, வாய்வார்த்தையாக வந்த உத்தரவா? உங்கள் தாளில் எழுத வேண்டியது அதில் இருக்கும். என் தாள் இன்னும் டிராயரில் இருக்கிறது. போன வருடம் அதில் ஐந்தாவதாக ஒன்று சேர்த்தேன்: 20-ஆம் தேதி 3பி என்ற மாதாந்திர ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் முடிந்தால் 21-ஆம் தேதி எனக்கு விடுப்பு. சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.