கிளினிக்கில் கொடுத்த வாத மாத்திரை ஒரு மாதமாகியும் கேட்கவில்லை, நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம் தங்கச்சி. தேயிலைக் கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு இரண்டு கையும் வீங்கி, கிளினிக்கில் மெதோட்ரெக்சேட் கொடுத்து ஒரு மாதம், நோவு குறையவில்லை, குளிரால் வந்த வாதம்தானே, எண்ணெய் தேய்த்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடக்கு வாதத்துக்குக் கொடுக்கிற இந்த மருந்து கேட்கத் தொடங்கவே 6 முதல் 12 வாரம் எடுக்கும். அதுவரை தாங்குவதற்காகப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்தைச் சிறிய அளவில் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அதைக் குடித்ததும் வீக்கம் சட்டென்று வடியும். உடனே 'இதுதான் நல்ல மருந்து' என்று மற்றதை விட்டுவிடுவார்கள். மூட்டு அரிபடுவதைத் தடுக்க நம்பியிருக்க வேண்டியது மெதோட்ரெக்சேட்டைத்தான். பிரெட்னிசலோனை வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பு மெலியும், சீனி கூடும். அதையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

குளிரில் நோவு கூடத் தெரியலாம், ஆனால் நோய் குளிரால் வருவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுச் சவ்வையே தாக்குகிறது. காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு)க் கிளம்புகிற நேரத்தில் விரல் மடங்காமல் ஒரு மணித்தியாலம் இறுகிக் கிடக்கிறதா, விரலின் அடி மூட்டும் நடு மூட்டும் மணிக்கட்டும் இரண்டு கையிலும் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இவைதான் முடக்கு வாதத்தின் அடையாளம், நகத்தை ஒட்டிய மூட்டு பெரும்பாலும் தப்பிவிடும். தேய்மான வாதத்தில் இறுக்கம் அரை மணித்தியாலத்துக்குள் விட்டுவிடும், வேலை செய்யச் செய்யத்தான் நோவு ஏறும்.

இனிச் சொல்வதைக் கிளினிக் கொப்பியின் அட்டையிலேயே எழுதி வையுங்கள். மெதோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். 10 மில்லிகிராம் என்றால் 2.5 மில்லிகிராம் மாத்திரை நான்கு, அந்த ஒரே நாளில். நாளுக்கொன்றாகக் குடித்தால் எலும்பு மச்சையில் இரத்தம் ஊறுவது நின்று உயிருக்கே ஆபத்தாகும். 10 மில்லிகிராமில் ஒரே மாத்திரையாகவும் வருகிறது, ஆகவே பாமசி மாறும்போது உறையில் அளவைப் பாருங்கள். போலிக் அசிட் என்ற விட்டமின் மாத்திரையை வேறு நாளில் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். ஒரு வாரம் மறந்தால் இரண்டு நாளுக்குள் குடிக்கலாம், அதற்கு மேல் போனால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள், அடுத்த முறை இரட்டிப்பாக்க வேண்டாம். வயிற்றோட்டம், வாந்தி என்றால் குடிக்காமல் கிளினிக்கில் கேளுங்கள், உடம்பில் நீர் வற்றினால் மருந்து வெளியேறாமல் தேங்கும். வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமலோடு மூச்சு வாங்குவது, அடிபடாமலே கன்றிப்போவது, இதில் எது வந்தாலும் அடுத்த வேளையைக் குடிக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சளி, சிறுநீர்த் தொற்று என்று வேறு மருந்து எடுக்கப் போனாலும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். கோட்ரைமொக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தோடு சேர்ந்தால் மோசம். சாராயம் தொடக் கூடாது. கருத்தரிக்கிற வயதுப் பெண் யாரும் இதைப் பகிர்ந்து குடிக்கக் கூடாது, கருவுக்குக் கேடு.

நான் நாட்டு வைத்தியத்துக்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எண்ணெய் தேய்க்கட்டும், காலையில் சுடுதண்ணீரில் பத்து நிமிஷம் கையை வைக்கட்டும், விரல் இளகும். பெயரில்லாத பொட்டலத் தூள் மட்டும் வேண்டாம். ஒரே நாளில் நோவு பறந்தால் ஸ்டீரொய்ட் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

கூடைக் கயிறு தலையில் இழுப்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், இந்த நோய் கழுத்தின் மேல் எலும்பையும் பிடிக்கும். கழுத்து நோவோடு கை விறைத்தால் தலையில் சுமை வேண்டாம், உடனே காட்டுங்கள்.

கிளினிக்குக்குப் போகிற நாளில் பேர் விழாது (வேலை நாளாகப் பதியமாட்டார்கள்), சம்பளமும் போகும். மருந்து உறையில் தமிழில் ஒரு சொல் இருக்காது. வருத்தக்காரர் மருந்தை விடுவதற்கு இந்த இரண்டும் பெரிய காரணம், இதைக் கேட்பார் இல்லை. தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கொரு முறையும் பிறகு இடைவெளி கூட்டியும் இரத்தம், ஈரல், சிறுநீரகம் பார்க்க வேண்டிவரும். இரத்தம் எடுக்கிற நாளையும் கிளினிக் நாளையும் ஒன்றாகப் போடச் சொல்லித் தாதியிடம் கேளுங்கள், உறையில் கிழமையைத் தமிழில் நீங்களே எழுதிவிடுங்கள்.