லாச்சிக்குள் ஒளிந்த மணிக்கூடுகள்

கேள்வி: எனக்கு வயது 41. கிளிநொச்சியில் அரச உத்தியோகம். 19 கைமணிக்கூடுகள் சேர்த்துவிட்டேன், பட்டியலை இணைத்திருக்கிறேன். புதிதாக வாங்குவதை அலுவலக லாச்சியில் ஒளித்து வைக்கிறேன். "இருப்பது ஒரு இடது கைதானே?" என்கிறார் மனைவி. காலமான அப்பாவின் கறுப்பு முகப்புச் சீக்கோ 5, 2009 முதல் ஓடாமல் கிடக்கிறது. புது முகப்புப் போடலாம் என்கிறார் திருத்துபவர். எல்லாவற்றையும் விற்றுவிடட்டுமா?

பதில்: தம்பி, உங்கள் பட்டியலை இரண்டு தடவை வாசித்தேன். 19இல் 11 சீக்கோ 5. அவற்றில் ஒன்பது கறுப்பு முகப்பு. அப்பாவின் மணிக்கூட்டையே ஒன்பது தடவை வாங்கியிருக்கிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. மனைவிக்கு இது முன்பே விளங்கியிருக்கும்.

அதன் அருமை எங்கள் வயதுக்காரருக்குத் தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த எங்கள் வன்னிக்குள் விடப்படாத சாமான். கை ஆட ஆட உள்ளே பாரத்தகடு சுழன்று வில்லை முறுக்கும் சீக்கோவுக்கு அது தேவையுமில்லை. 1996இல் கொழும்பு அரசு நேரத்தை முன்னே தள்ளியபோது வன்னி மாற்றவில்லை. 2006 ஏப்ரல் வரை அரை மணி வித்தியாசம். 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு, ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டித் தெற்கே போகும் பஸ்ஸுக்குள், நாலு மணிப் பக்கம் இருக்கும் அந்தச் சின்னத் திருகியை நகத்தால் இழுத்து முள்ளை முன்னே தள்ளியவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாவும் தள்ளியிருப்பார்.

அந்த முகப்பையா மாற்றப்போகிறீர்கள்? வேண்டவே வேண்டாம். நெடுங்காலம் ஓடாததில் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். ஆட்டி ஓடவைக்காதீர்கள், உறுப்புகள் தேயும். கழற்றிக் கழுவி, எண்ணெய் விட்டு, ரப்பர் வளையத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். முகப்பையும் முள்ளையும் தொட வேண்டாம் என்று துண்டில் எழுதியே கொடுங்கள். சில திருத்துபவர்களுக்கு மினுக்குவதில் தனி ஆசை.

விற்பதென்றால் அந்த ஒன்பதில் ஐந்தைக் கொடுங்கள். மற்றவை உங்கள் விருப்பம்; பட்டியலில் உள்ள சிட்டிசனை நானென்றால் விடமாட்டேன். லாச்சியில் உள்ளவற்றை இந்த வெள்ளிக்கிழமையே வீட்டுக்குக் கொண்டுபோய், விலையையும் சொல்லிவிடுங்கள். ஏச்சு விழும், வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பாவுடையது திருத்தி வந்தபின் நாளுக்கு அரை நிமிடம் முன்பின் ஓடினால் கடைக்கு ஓடாதீர்கள். 1963இல் சந்தைக்கு வந்த அந்த இனத்துக்கு அது சகஜம். குளத்தில் இறங்கும்போது மட்டும் கழற்றி மனைவியிடம் கொடுங்கள்.